உன் தகப்பனாரின் வெள்ளைக் கைக்குட்டை

திக்குவாய் மோசேயை அரசன் முன்னே நிறுத்திப் பேசவைத்தவரும், பேச்சில் வல்லவரென்று தம்மை நினைத்தவரை ஒரு கழுதையின் வாயால் திருத்தியவருமாகிய கர்த்தருக்கே முதல் துதி.

அனொமாபுவிலிருந்து உன் தாய் எஃபுவா, கிறிஸ்துவுக்குள் பிரியமான மகள் அராபாவுக்கு எழுதுவது. நீயும் மருமகன் எக்கோவும் குழந்தை அபாவும் அந்தப் பனி தேசத்தில் சுகமாயிருக்க வேண்டுமென்பதே என் அன்றாட விண்ணப்பம். இங்கே நாங்கள் சுகம். என் முழங்கால் மட்டும் ஜெபத்துக்கு மடங்க மறுக்கிறது, பாட்டுக்கு ஆட உடனே சம்மதிக்கிறது, இதை எந்த மருத்துவரிடம் சொல்வதென்று தெரியவில்லை. மழை நன்றாகப் பெய்தது, கூரை ஒழுகவில்லை, ஆடு குட்டி போட்டது. நீ அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. அதிலிருந்த பெரிய வெள்ளைக் கைக்குட்டையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அப்பாவின் பிரசங்கப் பரீட்சை எப்படி நடந்தது என்று இரண்டு முறை கேட்டுவிட்டாய், அவரோ தொலைபேசியில் எல்லாம் கர்த்தருடைய கிருபை என்று சொல்லிவிட்டு ஆட்டுக்குட்டியின் நிறத்தைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். ஆகவே நடந்ததை நடந்தபடி நானே எழுதுகிறேன்.

போன வருஷம் அவர் முதல் பரீட்சையில் தவறியது உனக்குத் தெரியும். நம் ஆலயத்தில் பெண்கள் பாதியில் எழுந்து பாட்டு எடுக்காத பிரசங்கம் செத்த பிரசங்கம். பீடத்தில் நிற்பவர் எவராயினும், பாட்டு எழும்பினால் அது ஓயும்வரை வாய்மூடி நிற்க வேண்டும், அதுவே அவருக்கு மேன்மை. அன்று உன் தகப்பனார் ஆதாமில் தொடங்கிக் கால்வாய்ச் சாக்கடை வரைக்கும் பேசியும் ஒரு பெண்ணும் எழும்பவில்லை, எழும்பிய ஒரே ஒருத்தியும் வெளியே போகத்தான் எழும்பினாள். இந்த வருஷமும் தவறினால் பிரசங்கியார் வரிசையில் அவர் பெயர் இனி இராது என்று போதகர் அமிசா கனிவாகவே சொல்லியிருந்தார். மனிதர் சோறு தின்பதைக் குறைத்துக்கொண்டார். ஒருநாள் சாயங்காலம் முற்றத்தில் உட்கார்ந்து, "சுகாதார இன்ஸ்பெக்டர்னு இத்தனை வருஷம் தெருத்தெருவா நடந்தேன் எஃபுவா, என் தொப்பி தெரிஞ்சாலே கதவைச் சாத்துவாங்க. தண்ணிப் பானையில புழு தேட வந்துட்டான்னு பிள்ளைங்க கத்தும். ஒரு தடவையாவது, நான் வர்றேன்னு யாராவது கதவைத் தொறக்கணும்" என்றார். அதைக் கேட்டு என் நெஞ்சு கரைந்தது. மறுகணமே அவர் தம் திட்டத்தைச் சொன்னார், கரைந்த நெஞ்சு பழையபடி இறுகிவிட்டது.

திட்டம் இதுதான். எடுத்துக்கொண்ட பொருள் தாழ்மை. ஆண்டவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீஷருடைய கால்களைக் கழுவிய பகுதி. எழுதி முடித்த பிரசங்கம் தலையணை உயரத்துக்கு இருந்தது. அதில் எங்கெங்கே சபை உருக வேண்டும் என்று சிவப்பு மையால் கோடிட்டிருந்தார். கோடு வந்ததும் நீ அனுப்பிய கைக்குட்டையால் நெற்றியைத் துடைப்பாராம், உடனே நான் பாட்டு எடுக்க வேண்டுமாம். நான் சொன்னேன், "இந்தாங்க, பாட்டு என்ன நீங்க கூப்பிட்டதும் வாலாட்டிட்டு வர்ற நாயா? அது வர்றப்ப வரும். வரலைன்னா நான் வாயைத் திறக்க மாட்டேன்." அவர் கோபித்துக்கொண்டு, மறுபக்கத்துப் பெஞ்சில் பாட்டுத் தலைவியாக இருக்கிற எக்குவா மான்சாவிடம் போனார். நானும் அவளும் பாட்டில் போட்டியாளர்கள் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். அவள் கேட்ட கைம்மாறு ஒன்றே ஒன்று: "சரி இன்ஸ்பெக்டரே, எடுக்கிறேன். ஆனா நீங்க சாகுற வரைக்கும் என் தண்ணிப் பீப்பாயை எட்டிப் பாக்கக் கூடாது." தம் உத்தியோக தர்மத்தையே அடகு வைத்து உன் தகப்பனார் அதற்கு ஒப்புக்கொண்டார். தாழ்மையைப் பற்றிப் பிரசங்கிக்க மனிதர் எவ்வளவு தூரம் போவார் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

அந்த ஞாயிறு வந்தது. கறுப்புக் கம்பளிக் கோட்டும் உள்கோட்டும் அணிந்து, நம் கடற்கரை வெயிலில், ஆலயத்துக்கு நடந்தார். வேண்டாமென்று சொன்னேன், பரலோகம் பார்க்கிறது என்றார். பீடமேறி வேதபகுதியை வாசித்தார், நன்றாகவே வாசித்தார். அதன்பின் பாடம் படித்த பிள்ளை போல நிமிர்ந்து, "தாழ்மை என்பது யாதெனில்" என்று தொடங்கியதும், பதற்றத்தால் நெற்றியில் ஒரு துளி வியர்வை அரும்பியது. கை தன் போக்கில் கைக்குட்டையை எடுத்து ஒற்றிவிட்டது. எக்குவா மான்சா தன் பெஞ்சுப் பெண்களோடு எழும்பினாள்! "தாழ இறங்கினார், நம் தூசி துடைத்தார்" என்று ஒரு பாட்டு. பெண்கள் பீடத்தைச் சுற்றி ஆடி வந்தார்கள். உன் தகப்பனார் முதலில் மகிழ்ந்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த போதகரும், அட, இவ்வளவு சீக்கிரமா என்பது போலப் புருவத்தை உயர்த்தினார். பாட்டு ஓய்ந்தது. "தாழ்மை என்பது யாதெனில்" என்றார். அப்போதுதான் கரண்ட் போனது. மின்விசிறிகள் ஒவ்வொன்றாகச் சுற்றி ஓய்ந்தன, ஒலிபெருக்கியும் ஊமையானது, கம்பளிக் கோட்டுக்குள்ளே உன் தகப்பனார் வேகத் தொடங்கினார். வியர்வை கண்ணில் இறங்கியது. துடைத்தார். எழும்பினார்கள்! "யாதெனில்" என்றார், கழுத்தைத் துடைத்தார், எழும்பினார்கள்! வேண்டாம் வேண்டாம் என்று கையை வீசினார், கையில் கைக்குட்டை இருந்ததை மறந்துபோனார். ஐயா ஆனந்தத்தில் வீசுகிறார் என்று எண்ணி ஆலயத்தில் எல்லாரும் தத்தம் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து வீசினார்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் மேல்தளத்திலிருந்து, அவர் வாயைத் திறக்கும் முன்னே, "யாதெனில்ல்ல்" என்று கூட்டமாகச் சொல்லத் தொடங்கினார்கள்.

இவ்வளவுக்கும் மேலாக, எக்குவா மான்சாவுக்குக் கண்ணில் புரை வளர்ந்திருக்கிறது. எவர் தலைக்குப் பக்கத்தில் வெள்ளையாக எது அசைந்தாலும் அவளுக்கு அது அடையாளம்தான். போதகர் பாவம், புழுக்கம் தாளாமல் தம் வழுக்கைத் தலையைத் துடைத்தார். எழும்பினார்கள்! நான் மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொல்கிறேன் மகளே, முதல் மூன்று பாட்டு வரைக்கும் சிரிப்பை அடக்கத்தான் மூடியிருந்தேன். அதற்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். கதவு சாத்தப்பட்ட வாசலில் தொப்பியோடு நிற்கிற அதே முகம். போதகர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். உன் தகப்பனார் கைக்குட்டையைக் கால்சட்டைப் பைக்குள் ஆழமாகத் திணித்தார். இனித் துடைக்கக் கையில் ஒன்றுமில்லை, வியர்வை மூக்கு நுனியிலிருந்து பக்கங்களின் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்தது. சிவப்பு மையும் கறுப்பு மையும் ஒன்றாகக் கலந்து ஓடின. ஒரு பக்கத்தைப் புரட்டப் போனால் எல்லாம் சேர்ந்து சோளமாவுக் கெங்கி உருண்டை மாதிரி ஒரே கட்டியாக எழும்பி வந்தது. மூக்குக்கண்ணாடியும் மங்கிப்போனது. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். வெளியே கடல் இரைவது கேட்டது.

அவர் கண்ணை மூடிக்கொண்டு, எங்களிடம் அல்ல, முகத்தை மேலே தூக்கி, "ஆண்டவரே, எனக்கு ஒண்ணும் தெரியல. எழுதினதும் போச்சு. நீர்தான் ஏதாவது செய்யணும்" என்றார். பிறகு கண்ணைத் திறந்து, வீட்டில் பேசுகிற குரலிலே, "சபையாரே, இந்தப் பாட்டெல்லாம் நான் ஏற்பாடு பண்ணினது. கைக்குட்டையை எடுத்தா எழும்பணும்னு எக்குவா மான்சாகிட்ட சொல்லி வெச்சேன். நம்ம ஆண்டவர் துண்டை எடுத்தது அடுத்தவன் காலைத் துடைக்க. நான் துணியை எடுத்தது எனக்குக் கைதட்டு வாங்க. காலமெல்லாம் உங்க பானைக்குள்ள எட்டிப் பாத்தேன். இன்னிக்கு அவர் என் பானைக்குள்ள எட்டிப் பாத்துட்டார். ஐயோ, உள்ளே நெளியுது சபையாரே, நிறைய நெளியுது!" என்றார். அப்போது எக்குவா மான்சா தன் இடத்திலிருந்தே, "அபராதம் எவ்வளவு, இன்ஸ்பெக்டரே?" என்று கத்தினாள். ஆலயம் குலுங்கிச் சிரித்தது. உன் தகப்பனாரும் சிரித்தார், பீடத்தைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க. அந்த மனிதர் அப்படிச் சிரித்து இந்த ஊர் கண்டதில்லை. சிரித்து முடித்து, "அபராதத்தை அவரே கட்டிட்டார். பானையையும் அவரே கழுவுவார். எனக்கு வேற ஒண்ணும் சொல்லத் தெரியல" என்றார். வியர்வையும் கண்ணீரும் சேர்ந்து தாடியில் இறங்க, எதையும் துடைக்காமல் அப்படியே நின்றார்.

அராபா, பாட்டு எங்கிருந்து வருகிறது என்று சின்ன வயதில் என்னைக் கேட்பாய். இன்றும் எனக்குத் தெரியாது. என் முழங்கால் தானாக நிமிர்ந்தது, என் வாய் தானாகத் திறந்தது. "வெறும் பானை கொண்டுவந்தோம், நிரப்புகிறவர் நீர், அழுக்குப் பானை கொண்டுவந்தோம், கழுவுகிறவர் நீர்." இரண்டாம் அடியில் எக்குவா மான்சா தன் பெஞ்சை விட்டு என் பெஞ்சுக்கு வந்து என்னோடு சேர்ந்து பாடினாள், இது கனவிலும் நடவாத காரியம். ஆண்களும் எழும்பினார்கள். போதகர் ஆடினார். கரண்ட் வந்ததுகூட எவருக்கும் தெரியவில்லை. ஆராதனை முடிந்தபின் போதகர் உன் தகப்பனாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, நீங்க தேறிட்டீங்க. எழுதிக் கொண்டு வந்த கட்டியை மட்டும் கடல்ல போட்டுடுங்க. இனிமே வேர்வையை மட்டும் கொண்டு வாங்க" என்றார்.

கதை இங்கே முடிந்திருந்தால் உன் தகப்பனார் பரிசுத்தவான்களின் வரிசையில் சேர்ந்திருப்பார். வீட்டுக்கு வந்து, வாழைக்காயை மசித்துச் செம்பனை எண்ணெய் விட்டு, அவித்த முட்டைகளை மேலே அடுக்கி எட்டோ செய்தேன். தெருவே உண்ண வந்துவிட்டது. மூன்றாவது முட்டை முடிந்ததும் உன் தகப்பனார் நாற்காலியில் சாய்ந்து, "ஒண்ணு கவனிச்சீங்களா? இந்தச் சபைச் சேகரத்துல என்னை மாதிரித் தன்னைத் தாழ்த்தினவன் எவனாவது உண்டா? ஒருத்தன் கிடையாது! இதைப் பத்தியே ஒரு பிரசங்கம் எழுதலாம்னு இருக்கேன், மூணு பாகமா. தாழ்மை என்பது யாதெனில்" என்றார். நாற்காலி முதுகில் காய்ந்துகொண்டிருந்த உன் கைக்குட்டையை எடுத்து, என் நெற்றியை மெதுவாக ஒற்றினேன். வாய் நிறைய எட்டோவோடு எக்குவா மான்சா எழும்பினாள்! அவள் எழும்பினால் பெஞ்சு எழும்பும், பெஞ்சு எழும்பினால் பிரசங்கி வாய் மூட வேண்டும், இது நம் முன்னோர் வகுத்த ஒழுங்கு. அன்று முதல் அந்தக் கைக்குட்டை என் இடுப்பு முடிச்சிலேயே இருக்கிறது. ஒரு நாளைக்கு ஓரிரு தடவை பயன்படுகிறது.

ஆனாலும் நீ மகிழத்தக்க செய்தி ஒன்று உண்டு. போன வாரம் மீன் சுடுகிற பெண்கள் தங்கள் முற்றத்தில் ஜெபிக்க வேண்டுமென்று அவரைக் கூப்பிட்டார்கள். அவர் தலையைக் கண்டதும் கதவு தானாகத் திறந்தது, "வாங்க இன்ஸ்பெக்டரே, உள்ளே வாங்க" என்றார்கள். அவர் வாசலிலேயே தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றுவிட்டார், உள்ளே நுழையக் கால் எழவில்லை. பிறகு போய், சுருக்கமாக, உருக்கமாக ஜெபித்தார். ஆமென் சொல்லும்போது ஒரு கண் அங்கிருந்த தண்ணீர்ப் பீப்பாய் பக்கம் போனதை நான் பார்த்தேன். ஆனால் எட்டிப் பார்க்கவில்லை. கிருபை பெருகுகிறது.

நீ மருத்துவமனையில் பெரிய பொறுப்புக்கு உயர்த்தப்பட்டதாக எழுதியிருந்தாய். நன்றாகப் படித்தவள், நன்றாகச் செய்வாய். ஆனால் கையில் ஊசி எடுக்கும்முன் உள்ளத்தில் ஒரு வார்த்தை, "எனக்குத் தெரியல ஆண்டவரே, நீர்தான் செய்யணும்" என்று சொல்லிக்கொள். அதைச் சொல்லக் கற்க உன் தகப்பனாருக்கு ஒரு கம்பளிக் கோட்டு முழுக்க வியர்வை செலவானது, உனக்கு அந்தக் குளிரில் அவ்வளவு வசதி இல்லை. கம்பளிக் காலுறை போடாமல் வெளியே போகாதே. குழந்தைக்கு நம் பாஷையில் பாடு.

சீஷருடைய பாதங்களுக்கு முன்னே முழங்காலிட்ட ஆண்டவர் உன் வீட்டு வாசலிலும் குனிந்து நுழைவாராக; எக்கோவின் கைகளையும் உன் கைகளையும் அபாவின் சின்னப் பாதங்களையும் அவரே கழுவிக் காப்பாராக; உங்கள் பானை வெறுமையாகும் போதெல்லாம் அவரே நிரப்புவாராக.

ஒரு ஞாபகம்: அடுத்த பெட்டியில் கைக்குட்டை வேண்டாம். அப்பாவுக்கு வெள்ளையல்லாத, நல்ல தடிமனான ஒரு துண்டு அனுப்பு. ஆண்டவர் கையில் இருந்தது அதுதான். துடைத்தாலும் யாரும் எழும்ப மாட்டார்கள்.

உன்னைப் பெற்றவளும், உன் தகப்பனாரை அடக்கக் கைக்குட்டை வைத்திருப்பவளுமான,
எஃபுவா எசில்ஃபி