வடக்கு மேடு

14 நவம்பர் 2004, ஞாயிறு

கடப்பாரை போட்டுக் குழி பறித்து நட்ட நூற்றிருபது புங்கங்கன்றுகளில் எண்பத்தேழு போய்விட்டன. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் கறுத்து, சாக்கடை நாற்றம். மழைத் தண்ணீர் குழியில் இறங்காமல் அப்படியே நிற்கிறது.

தாவரவியலில் முதுகலை. இருபது வருடம் ஊரார் பிள்ளைகளுக்கு வேரைப் பற்றிப் பாடம் எடுத்தவன். சொந்த நிலத்தில் ஒரு வேரைக் காப்பாற்றத் தெரியவில்லை.

மாடம்பாக்கம் தாண்டி அப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கர். நான் நாக்பூரில் வேலையில் இருந்தபோது, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், அண்ணன் அரிகிருஷ்ணன் அதைக் கிராவல் எடுக்கக் குத்தகைக்கு விட்டார். எடுத்தவர் பாட்சா. பன்னிரண்டடி ஆழம் வழித்துக்கொண்டு, வடக்கு ஓரத்தில் மலைபோல ஒரு கழிவு மேட்டை மட்டும் எனக்கு விட்டுப் போனார். அண்ணனோடு பேசி நாலு வருடம்.

மனைவி அபிதா இன்று கோபப்படவில்லை. அதுதான் பயம். “இன்னும் ஒரு மழைக்காலம் பாருங்க. அதுலயும் செடி பிடிக்கலேன்னா பிளாட் போடறவங்ககிட்ட கொடுத்துடலாம்” என்றாள். சரி என்றேன்.

3 டிசம்பர்

தாசில்தாருக்கு மூன்றாவது மனு. வடக்கு மேட்டை பாட்சாவே அகற்ற வேண்டும். எதில் தோற்றாலும் இதில் விடுவதாயில்லை.

19 ஜனவரி 2005

தண்ணீர் ஊற்ற வரும் கங்கையம்மாள் சிரிக்கிறாள்: “இன்னா சார், நீ பாத்துப் பாத்து வெச்சதெல்லாம் பூட்ச்சி. அந்த மேட்டு மேல வேப்பங்கன்னு தானா மொளச்சிகினு கீது!”

வேம்பு குப்பையிலும் முளைக்கும் என்றேன்.

9 மார்ச்

மனு ஜெயித்துவிட்டது. காலை ஏழு மணிக்கே பாட்சா ஒரு பொக்லைன், இரண்டு லாரியோடு வந்து நின்றார். கையில் உத்தரவு.

“எடுத்துடவா சார்?”

“எடுங்க. ஒரு கூடை மிச்சம் இருக்கக் கூடாது.”

முதல் வாளி மேட்டில் இறங்கி மேலே வந்தது. கருஞ்சிவப்பாக, பொலபொலவென்று மண். அதில் வெள்ளை வெள்ளையாக உயிருள்ள வேர்கள் தொங்கின. நிறுத்தச் சொல்லிக் கத்தினேன்.

“இன்னா சார் பேஜார் பண்றீங்க? எடுன்றீங்க, நிறுத்துன்றீங்க.”

“இது என்ன மண்ணு?”

“உங்க மண்ணுதான். கிராவல் எடுக்கறதுக்கு முன்னாடி வழிச்ச மேல்மண்ணு. இத்த வித்திருந்தா தோட்டம் போடறவன் அடிச்சிகினு வாங்கியிருப்பான். ஒரு கூடை வெளிய போவக் கூடாதுன்னு உங்க அண்ணன் கண்டிசன் போட்டாரு. ‘தம்பி செடிகொடி படிச்சவன், ஒரு நாள் வந்து கேப்பான்’னாரு. நீங்க இன்னாடான்னா மனு போட்டீங்க!”

பொக்லைன் ஓட்டுகிறவன் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நாலு வருடம் அந்த மேட்டைத் திட்டுவதற்காகத்தான் பார்த்திருக்கிறேன். கிட்டே போய் ஒரு பிடி அள்ளிப் பார்த்ததில்லை. நான் படித்தவன்!

செத்த கன்றுகளின் குழிகளையும் பாட்சா பார்த்தார். “லாரி ஓடி ஓடி இறுகின தரை சார். சிமென்ட் தொட்டில வெச்ச மாதிரி வெச்சிருக்கீங்க. மொதல்ல தரையக் கிழிக்கணும். வண்டி வந்தது வந்துட்ச்சி, இருங்க.”

12 மார்ச்

மூன்று நாள் வேலை. தரையை முழங்கால் ஆழத்துக்குக் கிழித்து, கரைகளைச் சரித்து, தண்ணீர் தேங்க ஒரு மூலையைப் பள்ளமாக்கினார்கள். மேட்டு மண்ணை எங்கும் ஒரு சாண் பரப்பியாயிற்று. வடக்கே இப்போது வெறும் வானம்.

பாட்சாவுக்கு நன்றி சொல்லப் போய், மனு போட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். “மனு போட்டு இட்டாந்ததே நீங்கதானே சார்” என்று அவரே என்னைக் காப்பாற்றினார்.

13 மார்ச்

அண்ணன் நம்பர் விரலுக்கு மறக்கவில்லை.

“சொல்லியிருக்கலாமேண்ணா?”

“நீ போனை எடுத்தாத்தானேடா.”

கேட்காமல் குத்தகைக்கு விட்டது தப்புதான். அதை இன்னும் மன்னிக்கவில்லை. ஆனாலும் பேசினேன், அரை மணி நேரம்.

25 செப்டம்பர்

புங்கம், நாவல், பூவரசு. நூற்றைம்பது. கங்கையம்மாள் வேப்பங்கன்றுகளையும் இடம் மாற்றி வைத்தாள்.

28 அக்டோபர்

விடாத மழை. தாம்பரத்தில் பஸ் இல்லை. போய்ப் பார்க்க முடியவில்லை. அபிதா சொன்ன கெடு இந்த மழைதான்.

30 அக்டோபர்

போனேன். மூலைப் பள்ளம் குளமாகியிருக்கிறது, இரண்டு நீர்க்கோழிகள். மற்ற இடமெல்லாம் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. கால் வைத்தால் கணுக்கால் வரை புதைகிறது. மற்றதெல்லாம் நிமிர்ந்து நிற்க, ஒன்பது கன்றுகள் மட்டும் சாய்ந்திருந்தன. நிமிர்த்திவிட்டேன். சேற்றில் நின்று அழுதேன் என்பதை இங்கே மட்டும் எழுதலாம்.

14 ஜனவரி 2006, பொங்கல்

காலையில் பிளாட்காரர் போன். அபிதா எடுத்தாள். “இல்லைங்க, நாங்க மரம் வெச்சிருக்கோம்.” அவ்வளவுதான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

மத்தியானம் அண்ணன் வந்தார், பிளாஸ்டிக் பையில் ஒரு மகிழங்கன்றோடு. நிலத்தைச் சுற்றிப் பார்த்தார். வடக்கே மேடு இருந்த இடத்தில் குனிந்து ஒரு பிடி மண் அள்ளிப் பார்த்தார்.

“கடப்பாரை எங்கடா?”

“வேண்டாம்ணா. மண்வெட்டியே போதும்.”

“எங்க வைக்கட்டும்?”

“எங்க வேணா வைங்க.”