ஐந்து கண்ணாடித் துண்டுகள்

ஜூன் 4
இன்றும் அண்ணன் கடை ஆட்கள் இரண்டு பேர் ஆளுயரப் படச்சட்டம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் கூடத்தின் வழியாக மாடிக்குப் போனார்கள். நான் ஈரத்தலையில் துண்டோடு கணக்குத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கீழே நான், மேலே அண்ணனும் அண்ணியும் அவர் கடைச் சரக்கும். மாடிப்படி என் கூடத்தில்தான் ஆரம்பிக்கிறது. அப்பா அப்படிக் கட்டிவிட்டார். பதினெட்டு வருஷமாக நான் குடியிருப்பது வீட்டில் இல்லை, நடைபாதையில்.

இடித்துக் கட்டினால் ஆளுக்கொரு வாசல். சொன்னால் அண்ணனுக்குக் காது கேட்காது. "இடிச்சா ஆளுக்கொரு பக்கம் போயிடுவோம். பழுது பார்த்தாப் போதும்." அவ்வளவுதான்.

ஜூன் 7
சுவர் விரிசல்களைப் பார்க்க இன்ஜினியரம்மா வந்தார். ஐந்து விரிசல்களுக்குக் குறுக்கே சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டு ஒட்டி, தேதி எழுதினார். "ஒரு மாசம் பார்ப்போம். உடைஞ்சா சுவர் இன்னும் நகருதுன்னு அர்த்தம், இடிச்சிடலாம். உடையலைன்னா பழுது போதும்."

அண்ணன் படம் சட்டம் போடுகிறவர். "கண்ணாடி பொய் சொல்லாது. அது சொல்றதுதான் தீர்ப்பு," என்றார். நானும் தலையாட்டினேன்.

ஜூன் 12
ஒன்றுகூட உடையவில்லை. சுவருக்குக் கொஞ்சமாவது ரோஷம் வேண்டாமா?

ஜூன் 15
கண்ணாடி வெட்டும் பேனாவைக் காணோம் என்று அண்ணன் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார். நானும் கூடச் சேர்ந்து தேடினேன். என் காம்பஸ் பெட்டியை மட்டும் யாரும் திறக்கவில்லை.

ஜூன் 16
கூடத்துச் சுவரில் முதல் போணி. ஸ்கேல் வைத்து ஒரு கோடு, ஒரு தட்டு. டக். முப்பது வருஷம் வடிவியல் நடத்திய கை!

அண்ணனைக் கூப்பிட்டு, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு காட்டினேன். "ஹும்," என்றார்.

ஜூன் 17
உடைந்த கண்ணாடி முழுசாகிவிட்டது. அதே தேதி, அதே இடம். திருட்டு அண்ணா!

ஜூன் 29
இதுவரை நான் உடைத்தது ஏழு. அவர் ஒட்டியதும் ஏழு. அண்ணி படியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு பேருக்கும் சேர்த்து வயசு நூத்திப் பதினாலு."

ஜூலை 7
தீர்ப்பு நாள். காலையிலேயே இரண்டை முடித்துவைத்திருந்தேன். ஒட்ட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

இன்ஜினியரம்மா கூடத்துக் கண்ணாடியைத் தடவிப் பார்த்தார். "நான் ஒட்டினது இது இல்லையே. இதுக்கு ஓரமெல்லாம் தேய்ச்சு வழவழன்னு இருக்கு." தொழில் புத்தி போகுமா? அண்ணன் கூரையைப் பார்த்தார்.

அடுத்து என்னுடையவை. "ரெண்டும் சரியா நடுவுல, நேர்கோட்டுல உடைஞ்சிருக்கு. சுவர் ஸ்கேல் வச்சு உடைக்காதுங்க டீச்சர்."

நான் தரையைப் பார்த்தேன். அண்ணன் என் பக்கம் கையை நீட்டினார். "பேனா."

"அஞ்சாவது எங்க?" என்றார் இன்ஜினியரம்மா.

இரண்டு பேருமே மறந்துவிட்டோம். படிக்கு அடியில், பழைய சட்டங்கள் அடைத்துவைத்த இருட்டு அறைக்குள் இருந்தது. டார்ச் அடித்தார். கண்ணாடி கோணல்மாணலாக இரண்டாகியிருந்தது. மேலே தூசி கலையவில்லை. யார் கையும் படாத ஒரே கண்ணாடி.

மற்ற விரிசல்களை ஒவ்வொன்றாகச் சுரண்டிப் பார்த்தார். உள்ளே பழைய வெள்ளையடிப்பு பிளக்காமல் அப்படியே இருந்தது. "இதெல்லாம் வருஷக்கணக்கா அசையல. வீடு நிக்கும். படிதான் இறங்குது. அதை இடிச்சு வெளிப்பக்கமா கட்டுங்க. இனிமே கனத்தோட யாரும் ஏறாதீங்க."

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால், தினமும் அண்ணன் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு ஏறிய படி அது. நான் பாட்டுக்குப் பொய்யாக உடைத்துக்கொண்டு... சே. என்ன பெண் நான்?

அக்டோபர் 2
வெளிப்படி தயார். அவர்களுக்குத் தனி வாசல். கூடம் முழுக்க, மூலை முடுக்கெல்லாம், எனக்கே எனக்கு!

அக்டோபர் 6
நல்ல அமைதி. முன்பு ஒரு மணி நேரத்தில் திருத்துகிற தாள்களுக்கு இன்று இரண்டரை மணி நேரம் பிடித்தது. ஏன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 9
காலையில் அண்ணன் வெளிப்படியில் இறங்கி, என் முன்வாசலில் நுழைந்து, கூடத்தைக் கடந்து, பின்வாசல் வழியாகக் கடைக்குப் போனார். "இப்படிப் போனா கடை பக்கம்மா," என்றார்.

அவர் போனதும் டேப் வைத்து அளந்தேன். பதினேழு அடி அதிகம். சொல்லவில்லை. பின்வாசல் தாழ்ப்பாள் இறுகிக் கிடந்தது, எண்ணெய் விட்டுவைத்தேன்.