ஆண்டவருக்கு எடுத்து வைத்த அரிசி

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம். கர்த்தர் கிருபையால் நான் சுகம். அப்பாவுக்கு மூச்சிரைப்பு தணிந்ததா?

ஒரு சின்ன விஷயம், பதற வேண்டாம். சலவைத் தொழிற்சாலையில் சம்பளம் தள்ளிப்போகிறது. சம்பளம் வந்தால்தானே அதில் பத்தில் ஒன்றைத் தசமபாகமாகக் கொடுக்க முடியும்? அதனால் உங்களைப்போல நானும் உலை வைக்கும்போதெல்லாம் முதல் கைப்பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று டப்பாவில் எடுத்து வைத்தேன். போன வாரம் மூட்டை காலி. டப்பாவில் மட்டும் அரிசி இருந்தது.

என்னோடு தங்கியிருக்கும் இஸ்திரிக்காரர் காய்ச்சலில் கிடந்தார். பசியில் அவர் முனகுவது கேட்டும் நான் டப்பாவைத் தொடவில்லை. கர்த்தருடைய பங்கில் கை வைத்தால் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம்.

கடைசியில் மனசு கேட்காமல் குழைய வடித்துக் கொடுத்தேன்.

"இது உங்க சாமிக்கு வச்சதாச்சே, எடுத்துட்டியா?" என்றார்.

"அவருதான் குடுத்தனுப்பினாருன்னு நெனச்சுச் சாப்பிடுங்கண்ணே."

வாய்தான் அப்படிச் சொன்னது; நானே நம்பவில்லை. தனியாகச் சாப்பிட மாட்டேன் என்று அவர் அடம்பிடித்ததால் நானும் இரண்டு வாய் சாப்பிட்டேன். அவருக்குக் கொடுத்ததைக் காணிக்கை என்றே வைத்துக்கொள்வோம். நான் தின்றது என்ன, அம்மா?

போதகரிடம் கேட்க வேண்டாம். நீங்கள் அரிசி எடுத்து வைக்கும்போது எனக்காகவும் ஒரு பிடி போடுங்கள், போதும். வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகன்

பி.கு.: இதைப் படிக்கும்போது அப்பா தூங்கிக்கொண்டிருந்தால், எழுப்பிப் பாருங்கள்.