ஜீப் வந்து போன வாரம்

அக்டோபர், திங்கள்

மூடுபனி. சாக்ஸ் இன்னும் ஈரம். அடுப்புக்கு மேலே தொங்குகிறது, கீழே ரசம் கொதிக்கிறது. நாளை என் காலில் ரச வாசம்.

தலைமை ஆசிரியை (இனி த.ஆ.) கூப்பிட்டார். புதன்கிழமை ஆபீசர் வருகிறாராம், எங்கள் ஊர் ‘எளிதில் அணுக முடியாத குடியிருப்பு’தானா என்று பார்க்க. ஆம் என்றால் எனக்குப் பெரிய ரோடு வரை துணைக்கு ஓர் ஆள், அங்கிருந்து பள்ளிக்கு வண்டி. எல்லாம் அரசு செலவு.

“நீயே எளிதில் அணுக முடியாத பிள்ளைதான்” என்றார். த.ஆ.வுக்கும் நக்கல் வருகிறது. என் சகவாசம்.

இல்லை என்றால்? போன வாரம் மனுவில் கையெழுத்துப் போடும்போதே அப்பா சொல்லிவிட்டார். சோலைக்காட்டு வழியில் காட்டுமாடு நின்றதிலிருந்து தினமும் அவர்தான் கூட வருகிறார். என்னை ரோட்டில் விட்டுத் திரும்புவதற்குள் கேரட் காட்டில் கூலிக்கு ஆள் எடுத்து முடித்துவிடுகிறார்கள். “எத்தன நாளைக்கு? இது கெடைக்கலன்னா அம்மாகூட பூண்டிக்குப் போ.” பூண்டியில் பூண்டு ஆய. ஊரில் பத்தாவது தாண்டியது நான் ஒருத்திதான். ப்ளஸ் ஒன் மைனஸ் ஆகப் போகிறது.

செவ்.

வெயில் (அதிசயம்). நான் லீவ். ஊரே லீவ். ஊர்ப் பெரியவர் செல்லையா மாமா (செ.மா.) தலைமையில் எல்லாரும் மண்வெட்டியோடு. பள்ளத்தில் கல் போட, புதர் வெட்ட. ஊரின் ஒரே ஜீப் அவருடையது. கேரட் எடுக்கும் நாள் தவிர மேலே ஏறாது.

“மாமா, அவரு நடந்தே வரட்டும். அப்பத்தான தெரியும்?”

“ஏ புள்ள, நம்மள தேடி வர்ற மனுசன நடக்க விடவா? வெளிய தெரிஞ்சா ஊருக்கே அசிங்கம்.”

“ஆதார் அட்ட, ரேசன் அட்டயே பாத்தவரு. ரத்தம் குடிக்கிற அட்டயவும் பாக்கட்டுமே.”

சிரித்தார்கள். கல் போடுவதை நிறுத்தவில்லை. இருப்பதிலேயே பெரிய கல்லை அப்பாதான் தூக்கினார்.

சாயங்காலம் ஒத்திகைக்கு ஜீப் மேலே வந்து நின்றது. ஊரே கைதட்டல்.

நாளை செய்ய வேண்டியவை:
1. ஜீப் டயர்.
2. இன்னொரு டயர்.
3. மாட்டினால் அழுகை.

புத.

வெள்ளனே போய் 1, 2 முடித்தேன். திரும்பினால் செ.மா., கையில் பம்ப்.

“ஒன்னப் பத்தித் தெரியாதா எனக்கு? அடி.”

காற்றைத்தான். இரண்டு டயருக்கும். 3 தானாக வந்தது.

ஆபீசர் ஜீப்பில் வந்தார். நல்ல மனிதர். டீ, அவித்த முட்டை.

“ரோடு நல்லாத்தான இருக்கு?”

“ஆமாங்க சார், நாங்களே போட்டோம்ங்க.” அப்பா. முகமெல்லாம் பெருமை.

“சார், திரும்பறப்ப நடந்து போய்ப் பாருங்களேன்” என்றேன்.

“வெவரம் தெரியாத புள்ளைங்க சார், மனசுல வச்சுக்காதீங்க.” இதுவும் அப்பா.

பை நிறையக் கேரட்டோடு ஜீப் இறங்கியது. எல்லாரும் கையாட்டினார்கள். நானும்.

வியா.

மழை. போட்ட கல் எல்லாம் ஓடையில் கிடக்கிறது.

வெள்.

த.ஆ. ஃபோன். வீடு வரை வாகன வசதி உண்டு, தகுதி இல்லை என்று வந்துவிட்டதாம். “மறுபடி வந்து பாக்கச் சொல்லிக் கேட்டேன்மா. அடுத்த வருசம்தானாம்.” குரலில் நக்கல் இல்லை.

செ.மா. வாசல் வரை வந்தார், உள்ளே வரவில்லை. “மரியாதைக்குத்தானப்பா வண்டிய விட்டேன்.”

“அதுக்காக அவர நடக்கவா விட முடியும்ணே?” என்றார் அப்பா.

செ.மா. என்னைப் பார்த்தார். “அன்னைக்கு நான் பம்ப எடுத்துட்டு வந்துருக்கக் கூடாது, புள்ள.”

 

திங்.

பனி. அம்மாவோடு பூண்டிக்கு. பள்ளிக்கூட ஸ்வெட்டர்தான், வேறு கிடையாது. அம்மா செ.மா.விடம் ஜீப் கேட்டாள். பாதை போய்விட்டது, வண்டி ஏறாது என்றார்.

நடந்தோம்.