முழுகுற கப்பலுக்கு நாடா போட மாட்டேன்

தேவேந்திரன் அப்பாவுக்கு,

போன்ல பேசினா லைன் பிசியாயிடும், அதான் எழுதுறேன்.

அந்தக் காலத்து யுத்தத்துல இங்கிலீஷ்காரன் கப்பலும் ஜெர்மன்காரன் கப்பலும் மோதிக்கினதை, சுவர்ல மாட்டுறதுக்குப் பட்டுல படமா நெய்து கேட்டார் லண்டன்காரர் ஒருத்தர். சரின்னு நானும் தறியில உங்ககூட உக்காந்து, ஊடை நூல் நாடாவை இழைக்கு நடுவுல தள்ளித் தள்ளி நெய்தேன். நேத்து கப்பல் முழுகுற இடம் வந்ததும், "ம், நாடாவைப் போடு"ன்றீங்களே, வாய் கூசலையா? நம்ம புள்ள எதுல வேலை செய்யுறான்? அவன் போயிருக்குற கடல்லயும் கப்பலுங்க மேல குண்டு போடுறாங்கன்னு டிவில காட்டிக்கினே இருக்குறான்.

அதான் திருப்புட்குழிக்கு அண்ணன் வீட்டுக்கு வந்துட்டேன். தறிக்கு மறுபக்கம் உக்காந்து நான் நாடா போடாம, கரையை நடுத்துணியோட கோக்க உங்களால முடியாதில்ல? தறி நிக்கட்டும்.

அவன் ஒரு போன் பண்ணட்டும். அப்புறம் எத்தனை கப்பலை வேணா நானே முழுகடிக்கிறேன்.

உங்க புள்ளையோட அம்மா