துணியில் மிச்சமிருந்த பச்சை

செவ்வாய்க் கிரகம், நாள் 212 | 07:10

வழக்கமான குறிப்பு. காற்றழுத்தம் சரி. தண்ணீர்ச் சுத்திகரிப்பு சரி. எழுதுபவர் செல்லக்கனி, நிலவியலாளர், இந்த நிலையத்தில் இப்போதைக்கு இருக்கும் ஒரே ஆள். மற்ற மூவரும் போன கப்பலில் ஊர் திரும்பிவிட்டார்கள். அடுத்த குழு வரும்வரை விளக்கணையாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

இன்று சரக்குக் கலம் இறங்குகிறது. புளியோதரைப் பொட்டலம் ஏற்றியிருப்பதாகச் சொன்னார்கள். காலையிலிருந்தே நாக்கில் புளி ஊறுகிறது.

212 | 15:40

கலம் இறங்கவில்லை, விழுந்தது. இரண்டு பாராசூட்டில் ஒன்றுதான் விரிந்தது. வண்டியில் போய்ப் பார்த்தேன். நெளிந்த தகடும் கரியும்தான். ஒரு பொட்டலம்கூட உருப்படியாகக் கிடைக்கவில்லை.

கையிருப்பை அரை வயிறாகச் சாப்பிட்டால் இரண்டு மாதம் ஓட்டலாம். அடுத்த கப்பல் வர ஏழு மாதம் ஆகும். பூமியிலிருந்து "தைரியமாக இருங்கள்" என்று செய்தி வந்தது. தைரியத்தைத் தாளித்தா தின்பது?

214 | 09:00

மூலையில் மாணவர் கண்டுபிடிப்புப் போட்டியில் வென்ற இரண்டு பெட்டிகள் கிடக்கின்றன. பத்திரிகையில் படம் போடத்தான் இதையெல்லாம் ஏற்றி அனுப்புகிறார்கள் என்று நான் கேலி செய்ததுண்டு. காளான் பெட்டி எப்போதோ காய்ந்துவிட்டது. மிஞ்சியது சுருள்பாசித் தொட்டி. விளாத்திகுளம் பக்கத்துக் கல்லூரியில் படிக்கும் இசக்கியம்மாளும் பென்சிகரும் செய்தது. அவர்கள் அனுப்பிய விதைப்பாசி, விளக்கடியில் ஒரு சீசாவில் இன்னும் பச்சையாக இருக்கிறது.

எனக்குக் கல் தெரியும், பாசி தெரியாது. படித்துப் பார்த்ததில் புரிந்தது இவ்வளவு. தண்ணீரில் பாசி வளரும். தொட்டிக்கு ஒரு பக்கம் விளக்கு, எதிர்ப்பக்கம் ஒரு கண்ணாடிக் கண். பாசி அடர்ந்து வெளிச்சம் மங்கினால் விளைந்துவிட்டது என்று கண் சொல்லும். உடனே பம்பு கொஞ்சத்தை வடிகட்டித் துணியில் சேர்க்கும். அந்த விழுதைத் தின்னலாம். தொட்டியில் மீதி இருப்பது மறுபடி வளரும்.

சீசாவில் இருந்ததை மிச்சமில்லாமல் தொட்டியில் ஊற்றிவிட்டு, ஓட்டப்போவதாகப் பிள்ளைகளுக்குச் செய்தி அனுப்பினேன். பென்சிகரின் பதில்:

"மேடம், எங்க தொட்டியவா ஓட்டப் போறீங்க? இசக்கி அழுதுட்டா, சந்தோசத்துலதான். ஒண்ணே ஒண்ணு மேடம். எச்சிக் கை மட்டும் தண்ணியில பட்டுரக் கூடாது. பாசி கெட்டுரும்."

217 | 12:20

அதற்குள் துணியில் முதல் விழுது. குளத்துத் தண்ணீரில் கருவாட்டைக் கரைத்தது போல ஒரு ருசி. நக்கித் தின்றேன். கேட்காமலே கொடுக்கிறது. இந்தப் பிள்ளைகளைப் போய்க் கேலி செய்தேனே.

246 | 10:30

ஏதோ சரியில்லை. பம்பு ஓயாமல் வடிகட்டுகிறது. தண்ணீர் நாளுக்கு நாள் வெளுக்கிறது. கண் மட்டும் "விளைந்தது, விளைந்தது" என்றே சொல்கிறது. பம்பை நிறுத்தவும் வழியில்லை. தண்ணீரைக் கலக்குவதும் அதுதான், நின்றால் பாசி அடியில் படிந்து அழுகிவிடும். கண் இருக்கும் அறைக்குச் சீல் வைத்திருக்கிறார்கள். தூசி புகுந்தால் கண் குருடாகிவிடும், திறக்காதீர்கள் என்கிறது பூமி. பிள்ளைகள் கணினி நிரலில்தான் பிழை என்று புதிய நிரல் அனுப்பியிருக்கிறார்கள்.

263 | 16:00

நான்காவது நிரல். பயனில்லை. கால்சட்டையைக் கயிற்றால் கட்டியிருக்கிறேன். படி ஏறினால் கண் இருட்டுகிறது. எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

271 | 13:05

நேற்றோடு பொட்டலங்கள் தீர்ந்தன. தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்துவிட்டது. இருந்த பச்சையெல்லாம் துணியில் ஒரு கையளவு. பாதியை நாளைக்கு வைக்கலாம் என்று நினைத்தேன். வைக்கவில்லை. கடைசி வாய் மெல்லும்போது செய்தி மணி அடித்தது.

"அக்கா, நான் இசக்கி பேசுதேன். பெட்டிக்குச் சீல் வைக்கதுக்கு முந்தின நாள் ஆயுத பூசை. எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வச்சேன். அந்தக் கண்ணாடி பாக்கக் கண்ணு மாதிரியே இருந்துச்சா, அதுக்கும் ஒரு பொட்டு வச்சுட்டேன். பூசை வீடியோவ இப்பதான் பென்சிகர் எடுத்துப் பாத்தான். வெளிச்சத்த மறைக்கது அதுதான்க்கா. சீல உடைச்சுத் தொடச்சுருங்க. துணியில இருக்கது இன்னும் உசுரோடதான் இருக்கும். திங்காதீங்க. தண்ணியில போட்டா திரும்ப வந்துரும். திங்காதீங்கக்கா."

அங்கிருந்து செய்தி வந்து சேர இருபது நிமிடம் ஆகிறது. அவள் பேசும்போது விழுது துணியில்தான் இருந்தது.

271 | 13:30

வாயில் இருந்ததைத் தொட்டியில் துப்பினேன். பல்லிடுக்கைச் சுரண்டிப் போட்டேன். கொப்பளித்து அதையும் துப்பினேன். துணியை அலசிப் பிழிந்தேன். எச்சில் படக் கூடாது என்றார்கள். என்னிடம் வேறு எதுவும் இல்லை.

சீலை உடைத்தேன். பொட்டு அப்படியே இருக்கிறது. சந்தனம் வெடித்திருக்கிறது, குங்குமம் நிறம் மாறவில்லை. சரியாக நடுவில், வட்டமாக, பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறாள். அவள்மேல் கோபப்பட்டுப் பார்த்தேன். கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. ஈரத்துணியால் துடைத்தேன்.

274 | 08:15

கண் இப்போது உண்மை சொல்கிறது. பூச்சியம். தண்ணீரின் மேல் வெள்ளையாக ஏடு படர்கிறது. பச்சை இல்லை.

279 | நேரம் பார்க்கவில்லை

தொட்டி நாறுகிறது. பூச்சியம்தான். எழுந்து நிற்க முடியவில்லை.

வந்து பார்ப்பவருக்கு. பெட்டியை எறிந்துவிடாதீர்கள். பிள்ளைகள் செய்தது சரியாகத்தான் இருக்கிறது. புதிய விதைப்பாசி போட்டால் ஓடும். கண்ணாடியைத் துடைத்துவிட்டேன்.

பென்சிகரிடமிருந்து: "அக்கா, அன்னைக்கிருந்து இசக்கி சோறு தொடல. அவ அம்மா வந்து ஹாஸ்டல்ல உக்காந்திருக்காக. தொட்டி என்னாச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

பேச மூன்று முறை முயன்றேன். மூன்றாவது முறை குரல் ஒழுங்காக வந்தது. அனுப்பியது:

"இசக்கி, தண்ணி நல்லா பச்சை பிடிச்சிருச்சு. இன்னைக்கு வயிறாரத் தின்னேன். உன் தொட்டி நல்லா ஓடுது. எந்திரிச்சுப் போயி அம்மா கையால சாப்பிடு தாயி."

போய்ச் சேர இருபது நிமிடம். பதில் வர இன்னொரு இருபது. சாப்பிட்டாள் என்று கேட்டுவிட்டு