கஸ்தூரிக்கு, வேனில் தள்ளி உட்கார்ந்தவள் எழுதுவது

என் வாயாடி கஸ்தூரிக்கு,

நேற்று உனக்குத் தலைத்திவசம். உன் மகள் பத்தாவது போகப்போகிறாள். வாய் அப்படியே உன்னுது. அழுதுகொண்டு மூலையில் நின்ற என்னைப் பார்த்து, "சும்மா நிக்காதீங்க பெரியம்மா, வாழைக்காய் சீவுங்க" என்று வேலை வைத்தாள். சீவினேன்.

நான் அதே உப்பு பேக்கிங் கம்பெனியில், அதே லேப் அறையில்தான் இருக்கிறேன். உப்பைத் தட்டில் பரப்பி, சோதனை மருந்தை ஒரு சொட்டு விட்டு, நீலமானால் அயோடின் இருக்கிறது என்று கையெழுத்துப் போடுவது. இவ்வளவுதான் என் வேலை. இதற்குத்தான் அந்த சூப்பர்வைசர் என்னைப் பிழிந்து எடுத்தான்.

மூட்டை தைக்கும் மிஷினில் நின்று நீ எல்லாம் பார்த்தவள். லோடு ஏற்றுகிறவர்கள் முன்னால், "ஏய் டியூப்லைட், நீலத்துக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் தெரியுதா?" என்பான். ரிஜிஸ்தரில் ஒரு எண்ணை அடித்துத் திருத்தினால் அதைப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவான். கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மை விழும். நீ மட்டும் போட மாட்டாய். ஒரு சாம்பிளை மூன்று தடவை சோதிக்க ஆரம்பித்தேன். கேஸை மூடினேனா என்று பாதி வழியிலிருந்து வீட்டுக்கு ஓடினேன். ஒரு ஜாக்கெட் துணிக்கு நிறம் சொல்ல முடியாமல் கடைக்காரரையே எடுத்துத் தரச் சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா?

அன்றைக்குத்தான் நீ சொன்னாய். "திண்டிவனத்துல மனசுக் கஷ்டத்தைக் கேட்டு வழி சொல்ற கவுன்சிலிங் மேடம் ஒருத்தங்க இருக்காங்கடி. என் நாத்தனார் போய்ட்டு வந்து இப்ப நல்லா இருக்கா. வா, நான் கூட்டிட்டுப் போறேன்."

நான் என்ன சொன்னேன்? "எனக்கென்ன பைத்தியமா? உன் வேலையைப் பாத்துட்டுப் போ." அதோடு விட்டேனா? மறுநாள் கம்பெனி வேனில் நீ பையை வைத்துப் பிடித்திருந்த சீட்டைத் தாண்டிப் போய்க் கடைசியில் உட்கார்ந்தேன். அந்தக் கடங்காரனிடம் காட்ட முடியாத ரோஷத்தை உன்னிடம் காட்டினேன். இருபது நாள் நீ சீட்டுப் பிடித்தாய். இருபது நாளும் நான் தாண்டிப் போனேன். பிறகு ஒரு காலையில் நெஞ்சு வலி என்று ஆட்டோவில் ஏறினாய். அவ்வளவுதான்.

உன் கருமாதி முடிந்த பிறகு தனியாகத் திண்டிவனம் போனேன். முதல் இரண்டு தடவையும் வெறும் அழுகை. மேடம் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தார்கள். மூன்றாம் தடவை ஒரு நோட்டின் நடுவே கோடு போட்டு, "அவர் சொன்னது இந்தப் பக்கம். நீங்களா சேத்துக்கிட்டது அந்தப் பக்கம்" என்றார்கள். எழுதிப் பார்த்தால், 'டியூப்லைட்' அவனுடையது. 'எதுக்கும் லாயக்கில்லாதவ' என்னுடையது. அவன் அதைச் சொல்லவே இல்லையடி! நானேதான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிறகு பேசிப் பழகுவது. மேடம் சூப்பர்வைசராக நடிப்பார்கள், நான் பதில் சொல்ல வேண்டும். அவர்கள் குரலை உயர்த்தியதும் நான் எழுந்து நின்று "சாரி சார்" என்றுவிட்டேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். குரூப்பில் வந்த படங்களைத் தேதியோடு மேனேஜரிடம் கொடுத்தேன். போட்டோ போடுவது நின்றது, அவன் வாய் நிற்கவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். இன்னும் சில நாள் கம்பெனி வாசலில் எல்லோரும் இறங்கிய பிறகுதான் வேனை விட்டு இறங்குகிறேன்.

போன வாரம் நல்ல கத்திரி வெயில். மூன்று சாம்பிள் வைத்தேன், மூன்றும் வெள்ளையாகவே கிடந்தன. மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டேன். லாரி காத்திருக்கிறது, ஆட்கள் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்கள். அரை மணி கழித்துத்தான் மருந்து பாட்டில் கண்ணில் பட்டது. நிழலில் வைக்க வேண்டியதை முந்தின நாள் நானே ஜன்னல் ஓரத்தில் விட்டிருக்கிறேன். வெயிலில் மருந்து கெட்டுப்போயிருக்கிறது. புதுப் பாட்டிலைத் திறந்து ஒரு சொட்டு விட்டேன், பளிச்சென்று நீலம். உப்பில் ஒரு குறையும் இல்லை.

பழைய செல்வியாக இருந்தால் பாட்டிலை ஒளித்துவிட்டு பாத்ரூமில் போய் அழுதிருப்பாள். நான் வெளியே வந்தேன். எல்லோர் முன்னாலும், "சார், உப்பு நல்லாத்தான் இருக்குது. மருந்தை வெயில்ல வெச்சது நான். தப்பு என்னுது. மிஷினைப் போடலாம்" என்றேன்.

"ஏய் டியூப்..." என்று ஆரம்பித்தான்.

"என் பேரு செல்வி சார். தப்பை ரிஜிஸ்தர்ல எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டேன். பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க."

ரிஜிஸ்தரை அவன் முன்னால் நீட்டினேன். லோடு ஏற்றும் ஏழுமலை அண்ணன் எழுந்து துண்டை உதறி, "ஏம்பா, அதான் சொல்லிடுச்சே, மிஷினைப் போடு" என்றார். 'தப்பு என்னுது' என்பது, சொன்னால் செத்தே போவேன் என்று நினைத்திருந்த வார்த்தை. சொல்லிவிட்டுப் போய் டீ குடித்தேன்.

அந்த டீயைக் குடிக்கும்போதுதான் உறைத்தது. அதை நான் முதலில் சொல்லியிருக்க வேண்டிய ஆள் அவன் இல்லை.

கஸ்தூரி, தப்பு என்னுது. இருபது நாளில் ஒரு நாளாவது பையை எடுத்து என் முகத்தில் எறிந்திருக்கக் கூடாதா நீ? ஏன் ஒன்றுமே சொல்லாமல் இருந்தாய்?

இனி எனக்கு வரும் கோபம், வர வேண்டிய ஆளிடம்தான் போகும். என்மேல் பாசம் வைத்தவர்கள் தலையில் இறங்காது. இது சத்தியம்.

உன் மகளுக்கு என்றைக்கும் பெரியம்மா,
செல்வி